சின்னவளின் பெயரில் ஒரு குளவி

யார் வீட்டுக்குப் போனாலும் பெரியவள் முதலில் போய் நிற்கிற இடம் சன்னல். உட்காருங்கள் என்று வீட்டுக்காரர்கள் சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய சுட்டுவிரல் சன்னலின் அடிக்கட்டையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடிவிடும். பிறகு விரல்நுனியை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பாள். தூசியைத்தான் பார்க்கிறாள் என்று வீட்டுக்காரியின் முகம் சுண்டிப்போகும். “என் மாமியாரே இப்படித் தடவிப் பார்த்ததில்லை” என்று ஒரு தோழி வெகுநாள் பேசாமல் இருந்தாள்.

அவள் தேடியது தூசியை அல்ல. வெளிச்சம் தெரிகிற பக்கம் பறந்து, கண்ணாடியில் முட்டி, வெளியேற வழி தெரியாமல் செத்து விழுந்து கிடக்கும் பொடிப் பூச்சிகளை. வருஷக்கணக்காக இதைப் பார்த்துப் பழகிய தங்கைதான் பின்னாலேயே போய் ஒவ்வொரு வீட்டிலும் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. “கோவிச்சுக்காதீங்க. அக்காவுக்கு உங்க வீட்டு அழுக்கு வேணாம். செத்த பூச்சி இருந்தா குடுத்துருங்க, போதும்.” இந்த விளக்கத்தைக் கேட்டபின் சிலர் இன்னும் அதிகமாகக் கோபித்துக்கொண்டார்கள்.

அவர்கள் வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளைப் பெரியவள் என்றும் இளையவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயர்கள் பள்ளிக்கூட வருகைப்பதிவுக்கு மட்டும் பயன்பட்டன. அப்பா மர அறுவை ஆலையில் வேலை பார்த்தார். அம்மா மருத்துவமனையில் துணி துவைக்கும் பிரிவில். குடும்பத்திலிருந்து கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் பெரியவள். சின்னவள் எட்டாம் வகுப்போடு நின்று தையல் கற்றுக்கொண்டு, பிறகு கடைவீதியில் ஒரு சின்னத் தையல்கடை போட்டாள். அக்கா படிப்பதற்காகத் தங்கை தியாகம் செய்தாள் என்று சொந்தக்காரர்கள் உருகுவார்கள். சின்னவளுக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. “அவளுக்காக ஒண்ணும் விடல. எனக்குக் கணக்கு வரல, விட்டேன். இதுல என்ன தியாகம் வேண்டிக்கிடக்கு?”

பெரியவள் விலங்கியலில் மேல்படிப்பு முடித்து, ஒரு தனியார் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, “உங்க வீட்டுல இதுக்கு முன்னாடி யாராவது படிச்சிருக்காங்களாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல சார். அதனால எனக்கு யாரும் தப்பாச் சொல்லிக்கொடுக்கல.”

அப்படியும் வேலை கிடைத்தது. ஆனால் ஒப்பந்த வேலை. வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் நிரந்தரமானார்கள். அவள் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தாள். ஆராய்ச்சிக்குப் பொடிக்குளவிகளை எடுத்துக்கொள்ளப்போவதாகச் சொன்னபோது துறைத் தலைவர் சிரித்தார். “யானை இருக்கு, புலி இருக்கு. கண்ணுக்கே தெரியாததுல என்னம்மா பண்ணப்போறீங்க?”

“புலிக்கு எப்பவோ பேர் வச்சாச்சு சார். கண்ணுக்குத் தெரியாததுக்குத்தான் இன்னும் வைக்கல.”

படிக்கட்டுக்கு அடியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையை அவளுக்குக் கொடுத்தார்கள். நாற்காலிகளை அவளே வெளியே இழுத்துப் போட்டாள். கூரை சரிவாக இறங்கும். ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்க முடியாது. வகுப்பு மாறும்போது மாணவர்கள் தடதடவென்று தலைக்கு மேல் இறங்குவார்கள், நுண்ணோக்கி ஆடும். அதனால் மணி அடித்ததும் படம் வரைகிற பென்சிலைக் காகிதத்திலிருந்து தூக்கிவிடுவாள். சத்தம் அடங்கியதும் விட்ட கோட்டைத் தொடர்வாள். மாணவர்கள் அவளைக் குளவி மிஸ் என்றார்கள். முகத்துக்கு நேராகவே சொல்லலாம். அவளுக்கு அதில் பெருமைதான்.

சின்னவள் இந்தக் குளவிக் கதைக்குள் வந்தது துணியோடு. பூச்சி பிடிக்க ஒரு கூடாரப் பொறி வேண்டும் என்று பெரியவள் வந்து நின்றாள். மெல்லிய வலைத்துணியில் நடுவில் ஒரு சுவர், மேலே சரிவான கூரை, கூரையின் உயரமான மூலையில் ஒரு புட்டி, புட்டிக்குள் சாராயம். பறந்து வரும் பூச்சி சுவரில் முட்டும்; முட்டினால் மேலே ஏறும்; ஏறினால் வெளிச்சமான மூலைக்குப் போகும்; போனால் புட்டி. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற விலைக்குக் கல்லூரி சம்மதிக்கவில்லை. சின்னவள் தைத்தாள். முதல் கூடாரம் ஒரு அழகுப் பொருளாக வந்தது. சுவருக்கு மீந்துபோன சிவப்புத்துணி, கூரையின் ஓரமெல்லாம் கொசுவம். அதற்குள் பூச்சி விழவில்லை. ஒரு நாய் மட்டும் வந்து படுத்துத் தூங்கியது.

“கொசுவத்துக்குள்ளயே ஒளிஞ்சுக்குதுங்கடி. மடிப்பு ஒண்ணுகூட இருக்கக்கூடாது. சுவரு கறுப்பு, கூரை வெள்ளை.”

“முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? நான் என்ன பூச்சியா, எது பிடிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

இரண்டாவது கூடாரம் சரியாக வந்தது. கல்லூரிக்குப் பின்னால், வேலிக்கும் தண்ணீர் மோட்டார் அறைக்கும் நடுவே அதைக் கட்டினார்கள். அதன் புட்டியில்தான், ஈக்களுக்கும் கொசுக்களுக்கும் நடுவே, எள்ளில் பாதி அளவில் அந்தக் கறுப்புக் குளவி கிடந்தது.

புதியது என்று சொல்வதற்கு ஒரு வரி போதும். ஏற்கனவே பெயர் வாங்கிய எதுவும் இது இல்லை என்று காட்டுவதற்குத்தான் வருஷங்கள் ஆகும். அந்தக் குளவியின் பேரினத்தில் அதுவரை யார் யார் எதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பெரியவள் தேடினாள். உணர்கொம்பின் கணுக்களை அளந்தாள். இறக்கை ஓரத்து மயிர்களைப் பார்த்தாள். ஒவ்வொரு பழைய பெயராக, இது அது இல்லை, இது அதுவும் இல்லை என்று அடித்துக்கொண்டே வந்தாள். நூறு வருஷத்துக்கு மேல் பழையதான ஒரு விவரிப்பில் மட்டும் சற்றே நின்றாள். ஒரு மண்கூட்டுக்குள் கிடைத்த, இறக்கையில்லாத, பழுப்பு நிற ஆண் குளவி ஒன்று. அடியில், ‘பெண் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தது. அவளிடம் இருந்தவையோ எல்லாம் பெண்கள். பெண்ணைப் பெண்ணோடுதான் ஒப்பிட முடியும். அந்த வேலையில் இருக்கிற யாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: ஒப்பிட வழியில்லை என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். தன்னுடைய கட்டுரையின் அடியில், நேர்மையாக, ‘ஆண் தெரியவில்லை’ என்று எழுதினாள்.

அந்தச் சிற்றினத்துக்குத் தங்கையின் பெயரை, லத்தீன் வால் ஒட்டி, வைத்தாள். கட்டுரை அச்சாகி வந்த பிறகுதான் சொன்னாள். சின்னவள் வெட்டிக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டாள்.

“என் பேரா? அந்தக் கொட்டற சனியனுக்கா?”

“இது கொட்டாதுடி. மனுஷங்களை ஒண்ணும் செய்யாது.”

பேருந்து ஓட்டுகிற சின்னவளின் கணவன் அப்போதுதான் சாப்பாட்டுப் பையோடு கடைக்குள் நுழைந்திருந்தான். “கொட்டாதா? அப்ப பேர் பொருந்தலையே அக்கா” என்றான். சின்னவள் அளவுநாடாவால் அவனை ஓர் அடி அடித்தாள்.

அன்றைக்கு அப்படிப் பேசியவள், மறுநாளே கட்டுரையில் இருந்த படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டுக் கடைக் கண்ணாடிக்கு மேலே மாட்டினாள். என்ன எறும்புப் படம் என்று கேட்பவர்களுக்கெல்லாம் அவளிடம் பதில் இருந்தது. “எறும்பு இல்ல, குளவி. என் பேருதான் அதுக்கு. எந்த நாட்டுக்காரன் எழுதினாலும் என் பேரைத்தான் எழுதணும்.” தையல்காரியின் வேலையில் யாரும் பெயரைப் போடுவதில்லை. அவள் தைத்த சீருடைகள் பள்ளிக்கூடங்களில் ஓடின. அவள் தைத்த ரவிக்கைகள் மேடையேறின. எதிலும் அவள் தைத்தாள் என்பதற்கு ஓர் அடையாளமும் கிடையாது. துணி வெளுக்கும், கிழியும், கரித்துணியாகும். இந்த ஒன்று கிழியாது என்று அவள் நம்பினாள்.

கல்லூரியும் நம்பியது. அவ்வளவு காலம் படிக்கட்டுக்கு அடியில் எட்டிப்பார்க்காத முதல்வர், குனிந்து உள்ளே வந்து கைகொடுத்தார். நுழைவாயிலில் ஆளுயரப் பதாகை எழுந்தது. எள்ளில் பாதி இருந்தது அதில் எருமைக் கன்று அளவில் நின்றது. கல்லூரியின் தரத்தை மதிப்பிட ஒரு குழு வரவிருந்தது. ‘எங்கள் கண்டுபிடிப்பு’ என்று காட்ட அவர்களுக்கு ஒன்று தேவைப்பட்டது. குழு வந்துபோனதும் பெரியவளின் வேலை நிரந்தரமாகும் என்று முதல்வரே சொன்னார். சின்னவள் அக்காவுக்கு அந்த நாளில் கட்ட ஒரு புடவைக்கு ஓரம் அடித்து வைத்தாள்.

தையல்கடையின் இரும்புக்கதவு சுருண்டு ஏறுகிற பெட்டிக்கு அடியில் பெரிய குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. கதவு சரியாக ஏறவில்லை. உடைத்துப் போடப்போன சின்னவள், அக்காவின் நினைப்பு வந்து நிறுத்தினாள். விடுமுறையில் இருந்த பெரியவள் கத்தியோடு வந்து கூட்டைப் பெயர்த்தாள். ஓர் அறைக்குள் பெரிய குளவியின் கூட்டுப்புழு செத்துக் கிடந்தது. அதன்மேல் ஊசிமுனை ஊசிமுனையாக வேறு எதனுடையவோ புழுக்கள். அப்படியே அதை ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டுப் பஞ்சால் வாயை அடைத்தாள். கல்லூரி பூட்டியிருந்ததால் கடையிலேயே, நூல்கண்டுகளுக்குப் பக்கத்தில், நிழலில் வைத்தாள்.

“என்னவாவது வெளிய வந்தா கூப்பிடு. திறந்துடாதே.”

கொஞ்ச நாள் கழித்துச் சின்னவள் தொலைபேசியில் கத்தினாள். “அக்கா! குழாய்க்குள்ள என் பூச்சி! நெறைய! ஓடி வா!”

பெரியவள் வந்து கைலென்சை வைத்துப் பார்த்தாள். அதேதான். கறுப்பு உடல், தெளிந்த இறக்கை, கொத்தாகப் பஞ்சை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. சின்னவளுக்குக் கால் தரையில் இல்லை. தன்னுடைய கடையிலேயே, தன்னுடைய பெயர்க்காரிகள்! கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தவள் கேட்டாள்: “இதுங்க யாரு, நடுவுல? ரெக்கை இல்லாம, பழுப்பா. ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்குது பாரு. எறும்பு புகுந்துடுச்சா?”

பெரியவள் லென்சைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. இறக்கையில்லாத பழுப்பு ஒன்று, இறக்கையுள்ள கறுப்பு ஒன்றின் முதுகில் ஏறியது. பஞ்சு அடைத்தது அவள் கை. உள்ளே வெளியிலிருந்து எதுவும் போயிருக்க முடியாது. எல்லாம் ஒரே தாய் வைத்த முட்டைகள்.

“என்னக்கா, பேயடிச்ச மாதிரி நிக்கற?”

“ஒண்ணுமில்ல. குழாயை நான் எடுத்துட்டுப் போறேன்.”

பழைய விவரிப்பை மறுபடி எடுத்தாள். பழுப்பு ஆணின் உணர்கொம்பு அடிக்கணு வீங்கி, நடுவே பள்ளம். குழாயில் இருந்தவற்றுக்கும் அப்படியே. அந்த விவரிப்புக்கு ஆதாரமான ஆண் குளவி தூரத்து நாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் ஊசியில் குத்தியபடி இன்னும் இருந்தது. அங்கே இருந்தவருக்கு எழுதிப் படங்கள் வரவழைத்தாள். சந்தேகத்துக்கு ஓர் இடுக்குகூட இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் ஆணை மட்டும் பார்த்தார். இவள் பெண்ணை மட்டும் பார்த்தாள். இருவரும் தங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதினார்கள். இருந்தாலும் ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் ஆகிவிட்டது.

இதைப் பெரியவள் தங்கையின் வீட்டில், தேநீர் ஆறிக்கொண்டிருக்க, சொன்னாள். முதலில் சிரித்தது பேருந்து ஓட்டுநர்தான். “ஒரு பக்கம் மாப்பிள்ளை மட்டும், ஒரு பக்கம் பொண்ணு மட்டும். நீங்க கல்யாணத்தைப் பண்ணி வச்சிட்டீங்க. நல்ல காரியம்தானே அக்கா?”

சின்னவள் சிரிக்கவில்லை. “சரி, கல்யாணம் ஆயிடுச்சு. இப்ப பேரு?”

“முதல்ல வச்ச பேருதான் நிக்கும்.”

“மாப்பிள்ளை பேரு.”

“ஆமா.”

“பூச்சியிலயும் இதே கதைதானா?”

சின்னவள் எழுந்து டம்ளர்களை எடுத்தாள், எடுத்ததை மறுபடி அங்கேயே வைத்தாள். “யாருக்குத் தெரியும் இது? உனக்கு, எனக்கு, இவருக்கு, அந்தக் குழாய்க்கு.”

“எனக்குத் தெரியுமே.”

“தெரிஞ்சா ஊரைக் கூட்டணுமா? நூறு வருஷமா யாரும் கண்டுபிடிக்கல. இன்னும் நூறு வருஷம் கண்டுபிடிக்காம இருந்துட்டுப் போறாங்க. அதுக்குள்ள நான் செத்தே போயிடுவேன்.”

“அளவு தப்பாத் தச்சுட்டேன்னு உனக்குத் தெரியுது, வாங்கினவங்க பாக்கல. அப்படியே விட்டுடுவியா?”

“விட்டிருக்கேன்” என்றாள் சின்னவள். “எத்தனையோ தடவை.”

பெரியவள் ஆறிய தேநீரைத் தள்ளிவைத்தாள். “எனக்கு அது வராதுடி” என்றாள்.

அவள் போனபிறகும் சின்னவளுக்கு ஆறவில்லை. உண்மையைச் சொல்ல தைரியம் வேண்டும் என்கிறார்கள். அக்காவிடம் இருந்தது தைரியமா, வேறு மாதிரி இருக்கத் தெரியாத ஒரு குறையா? அடுத்தவள் பெயரை எடுத்து விலையாகக் கொடுக்கிற தைரியம் எந்த வகையில் சேர்த்தி? பெயரை வைக்கும்போதும் கேட்கவில்லை. எடுக்கும்போதும், எடுக்கப்போகிறேன் என்று வந்து சொன்னாளே தவிர, எடுக்கட்டுமா என்று கேட்கவில்லை.

கல்லூரியில் முதல்வர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “மேடம், மறைக்கச் சொல்லல. குழு வந்து போகட்டும். அப்புறம் எதை வேணா எழுதுங்க.”

“இதுக்குள்ளயே இந்தப் பேரை நம்பி வெளிநாட்டுல ரெண்டு கட்டுரை வந்துடுச்சு சார். அது தப்பு மேல தப்பா மாடி கட்டிட்டே போகுது.”

“ஒரு மாசம்தானே கேக்கறேன்?”

“ஒரு மாசம் கழிச்சுச் சொன்னா, ஒரு மாசம் தெரிஞ்சே பொய் சொன்னேன்னு ஆகும்.”

முதல்வர் குரலைத் தாழ்த்தினார். “உங்க வேலை நிரந்தரமாகறது இந்தக் குளவி மேலதான் உக்காந்திருக்கு. யோசிங்க.”

“அது ரொம்பச் சின்னக் குளவி சார். அவ்வளவு பாரம் தாங்காது.”

அன்றைக்கே படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து, தான் வைத்த பெயர் செல்லாது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி, அதே ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பினாள். வகுப்பு மாறி, தலைக்கு மேல் கால்கள் தடதடத்தன. கை நிற்கவில்லை. தட்டச்சுக்குக் கோடு கோணாது.

ஆனால் இதழ் அச்சாகி வர நாளாகும், குழு அதற்கு முன்பே வந்துவிடும் என்று முதல்வர் கணக்குப் போட்டார். பதாகை நின்றது நின்றபடி. அது போதாது என்று, பெயருக்குரிய தையல்காரியையே நேரில் கொண்டுவந்து உட்காரவைத்தால் நன்றாக இருக்கும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். அலுவலக எழுத்தர் கடைக்கே வந்து அழைத்தார். அக்காவோடு பேச்சில்லாமல் இருந்த சின்னவள், யோசித்துவிட்டு, வருகிறேன் என்றாள். பெயர் போவதற்கு முன் அதோடு ஒரு கடைசி நாளாவது இருக்கட்டும் என்று நினைத்தாள். தனக்கென்று தைத்து வைத்திருந்த நல்ல ரவிக்கையைப் போட்டுக்கொண்டாள்.

பதாகையை நுழைவாயிலிலிருந்து எடுத்து அரங்கத்துக்குள் நிறுத்தியிருந்தார்கள். எழுத்தர் அவளை அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு தூரப்போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவந்தார். “கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, பூச்சியோட கால் மறையுது.” தள்ளினாள். “இன்னும் கொஞ்சம்.” இன்னும் தள்ளினாள். “நீங்க ஒண்ணும் பேச வேணாம். சிரிச்சா போதும்.” நாற்காலியின் ஒரு கால் மேடை விளிம்புக்கு வந்திருந்தது. அந்த நாற்காலியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான், பதாகையில் பெரிய எழுத்தில் இருந்த தன் பெயரைச் சின்னவள் அருகில் பார்த்தாள். அங்கே எல்லோரும் அதைப் படித்தார்கள். அவளை யாரும் பார்க்கவில்லை.

குழு வந்தது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் பதாகையைப் பார்த்து, “இதைப் பத்தி யார் சொல்லப்போறீங்க?” என்றார். பெரியவள் முன்னே வந்தாள். ஓரம் அடித்த அந்தப் புடவையைக் கட்டியிருக்கவில்லை. வழக்கமான, மசிக்கறை பட்ட ஒன்று.

“இது நான் வச்ச பேர். இனிமே செல்லாது. இதே இனத்தோட ஆணுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே பேர் வச்சிருக்காங்க. அதைச் சேர்த்துப் பாக்காதது என் தப்பு. திருத்தி அனுப்பிட்டேன்.”

முதல்வர் பெரிதாகச் சிரித்தார். “மேடத்துக்கு எப்பவும் தன்னடக்கம். அதெல்லாம் இன்னும் உறுதியாகாத விஷயம். அதை விடுங்க, இவங்கதான் அந்தப் பேருக்குச் சொந்தக்காரங்க. சொல்லுங்கம்மா, எவ்வளவு சந்தோஷம் உங்களுக்கு?”

சிரித்தால் போதும். அது நிமிஷ வேலை. அக்கா சொன்னது தன்னடக்கமாகிவிடும், பெயர் தொங்கும், நிரந்தர வேலைகூட ஒருவேளை வரும். சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை. பதாகையில் இறக்கை வரைந்திருந்த இடத்தில் எதையோ தப்புக் கண்டுபிடித்தது போல முறைத்துக்கொண்டிருந்தாள். எப்படியாவது சிரித்து வைடி என்று அந்த முகத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. சின்னவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அதைவிட அதிகமான ஆத்திரம், தன் பெயரை வைத்து, தன்னை விளிம்புக்குத் தள்ளிவிட்டு, தன்னிடமே சிரிப்புக் கேட்கிறவர்மேல் வந்தது. எழுந்தாள்.

“சந்தோஷமாத்தான் இருந்தேன். அக்கா சொல்றது நெசம். அந்தக் கூடு என் கடையில இருந்துச்சு, நான்தான் முதல்ல பாத்தேன். ரெக்கை உள்ளதும் இல்லாததும் ஒரே குழாய்க்குள்ளேருந்து வந்துச்சு. தன்னடக்கம் கின்னடக்கம் எல்லாம் இவகிட்ட கிடையாது, கூடப் பொறந்தவ நான் சொல்றேன்.”

யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

“அது என் பேரு சார். அதை எடுத்ததுக்கு இவமேல எனக்குக் கோவம் இருக்கு, அதை நாங்க வீட்டுல பாத்துக்கறோம். ஆனா பொய்யாத் தொங்கறதுக்கு என் பேரைத் தரமாட்டேன். முதல்ல அதைக் கழட்டுங்க.”

யாரும் நகரவில்லை. சின்னவளே போய்ப் பதாகையின் மேல் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பெரியவள் வந்து மறுபக்கத்தை அவிழ்த்தாள்.

வாயிலைத் தாண்டியதும் சின்னவள், “அந்தப் புடவையை ஏன் கட்டல?” என்றாள்.

“அது நிரந்தரமாகற அன்னிக்குன்னு சொன்ன இல்ல?”

“அப்ப திருப்பிக் கொடு. பிரிச்சு ரெண்டு சன்னல் திரை தைக்கலாம்.”

குழு கொடுத்த மதிப்பெண் வழக்கமானதுதான். குளவியால் அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் அடுத்த வருஷம் பெரியவளின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கேட்டு அவள் அலுவலகத்தில் நாளெல்லாம் உட்கார்ந்தாள். காரணம் எழுதித் தராமல் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். மாலையில் ‘நிர்வாகக் காரணம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் எழுத்துப்பிழை இருந்தது. திருத்தி வாங்கிக்கொண்டுதான் வந்தாள். சொந்தமாக ஒரு பழைய நுண்ணோக்கி வாங்கி, தையல்கடையின் பின்பக்கத்தில், அளவு பார்க்கிற திரைக்குப் பின்னால் போட்டாள். காலையில் தனிப்பயிற்சி மையத்தில் பாடம் எடுப்பாள். மற்ற நேரம் அங்கே. தையல் இயந்திரம் ஓடினால் நுண்ணோக்கி ஆடும். “கொஞ்சம் நிறுத்துடி” என்று அவள் உள்ளேயிருந்து கத்துவதும், “எனக்கு நாளைக்குக் கொடுக்கணும், நீ நிறுத்து” என்று இவள் வெளியேயிருந்து கத்துவதும் கடைக்கு வருகிறவர்களுக்குப் பழகிவிட்டது.

அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து அவள் இன்னும் சில புதிய இனங்களை விவரித்தாள். இந்த முறை ஒவ்வொன்றையும் குழாயில் வளர்த்து, ஆணையும் பெண்ணையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் எழுதினாள். அவை எல்லாம் இன்றும் நிற்கின்றன. ஒன்றுக்கு மஞ்சள் காலை வைத்துப் பெயர், ஒன்றுக்கு வளைந்த கொம்பை வைத்து. எதிலும் சின்னவள் இல்லை. முதல் தடவை அது தெரிந்தபோது அவள் சண்டைக்கே வந்துவிட்டாள்.

“ஏன், என் பேரு கசந்துபோச்சா?”

“அந்தப் பேரினத்துல உன் பேரை ஒரு தடவை வச்சு, விழுந்தாச்சு. விழுந்தாலும் அது பட்டியல்ல அந்தப் பழைய பேருக்குக் கீழ, சின்ன எழுத்துல, எப்பவும் இருக்கும். அதனால அதே பேரினத்துல மறுபடி வைக்கக்கூடாது. சட்டம் அது.”

“கீழ, சின்ன எழுத்துலயா? வாடகைக்கு இருக்கற மாதிரியா? எவன் போட்ட சட்டம்?”

“எல்லாரும் சேந்து போட்டது.”

“என்னைக் கேக்கலையே.”

“இல்ல” என்றாள் பெரியவள். பிறகு, அவள் வழக்கமில்லாத வழக்கமாக, கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுத்தாள். “நானும் கேக்கல. வேற பேரினத்துல, யாரும் அசைக்க முடியாத ஒண்ணைக் கண்டுபிடிச்சு உனக்கு வைக்கறேன். அது என் கடன்.”

அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரே பேரினம்தான். அதற்கே பாதி ஆயுள் போயிருந்தது. வேறொன்றுக்குப் போவதென்றால் பழைய பெயர்கள் அத்தனையையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். ஈக்களில் ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டாள். ஈக்குத் தன் பெயரா என்று சின்னவள் குதித்தாள். வண்டு என்றால் சரி, அழகாக இருக்கும் என்றாள். நரை விழுந்த தலையோடு பெரியவள் வண்டுகளில் இப்போது எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு முறை புதியது என்று தோன்றியது. இரண்டு முறையும் தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தேடிப் பார்த்து, யாரோ முன்பே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, எடுத்து வைத்துவிட்டாள்.

துணி கொடுக்க வருகிறவர்களுக்கு முன்னாலேயே சின்னவள் திரையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: “அக்கா, என் பேரு என்ன ஆச்சு?”

“தரேன்.”

சொன்னதே போதும் என்று சின்னவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு வேண்டியது பெயர். அது இன்னும் கொடுபடவில்லை.